வலப்பக்கம் இழுக்கும் வண்டி

மார்ச் 5, சனி

செல்ஸோவின் பிக்கப் மூன்றாவது முறையாக இன்று எங்கள் ஷெட்டுக்கு வந்தது. அதே புகார்: ஸ்டீயரிங்கைச் சற்றுத் தளர்த்தினால் போதும், வண்டி வலப்பக்கம் ஒதுங்குகிறது.

டெல்ஃபினோ காலையிலிருந்து குமிழ்மட்டக் கருவியோடு அதன் அடியில் கிடந்தான். அறுவைச் சிகிச்சை செய்த முழங்காலோடு சிமெண்ட் தரையில் படுத்து எழுவது என் கணவனுக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். உதவிக்குப் போனால் பிடிக்காது என்றும் தெரியும். சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காய்ந்த மிளகாய்க்குக் காம்பு கிள்ளினேன்.

"நூல் புடிச்ச மாதிரி போகும்னு சொன்ன, கொம்பாத்ரே. போச்சு. நேரா பள்ளத்தப் பாத்துப் போச்சு."

"குமிழ் நடுவுல நிக்குது. நீயே குனிஞ்சு பாரு."

"குமிழுக்கென்ன, அது ஷெட்டுக்குள்ளயே இருக்கு. ரோட்டுல போறவன் நான்ல?"

முப்பது வருட நண்பர்கள். செல்ஸோவின் மகளுக்கு நாங்கள் ஞானப் பெற்றோர் ஆன நாளிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் கொமாத்ரே. என்னிடம் பேசும்போது மட்டும் செல்ஸோ 'நீங்க' போடுவார். எனக்கும் அந்த இடைவெளி வசதி.

மாலையில் டெல்ஃபினோ வலச் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து மெல்லிய தகடு இரண்டை உருவினான், ஒன்றைத் திரும்பச் செருகினான், போல்ட்டை முறுக்கினான். கருவியில் இரண்டு பக்கமும் ஒரே சாய்வு. நானும் பார்த்தேன். ஒரே சாய்வுதான்.

மார்ச் 7, திங்கள்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வழக்கமான திங்கள்கிழமை வேலை. அளவு தெரிந்த கரைசலில் எல்லாக் கருவிகளையும் சோதித்தேன். ஒன்று பிசகியிருந்தது. காற்று நாள் முழுக்க.

மார்ச் 11, வெள்ளி

என் காரில் பேட்டரி இறங்கிவிட்டது. செல்ஸோ வேலைக்குப் போகிற வழியில் என்னை எஸ்பான்யோலா ஊரில் என் பரிசோதனைக் கூடம் வரை கொண்டுவிட்டார். பிளம் பழ நிறத்தில் அறுபத்தேழாம் வருடத்துப் பிக்கப். அடியில் ஒரு செருப்புப் பெட்டி நுழையாது. ஆற்றோரச் சாலை நெடுக அவர் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பியே வைத்திருந்தார். அடம்பிடிக்கும் கழுதையைக் கயிற்றில் நடத்திப் போகிறவரின் பொறுமை முகத்தில்.

"தோள்பட்டை வலிக்குது, கொமாத்ரே. அவன்கிட்ட சொல்லிராதீங்க."

"சாந்தா ஃபேல பெரிய அலைன்மெண்ட் கடை இருக்கே," என்றேன்.

"போனேனே. ஒரு ஆளு கம்ப்யூட்டர் பக்கத்துல நின்னுக்கிட்டுப் பாத்தான். ஐயா, இத மேடைல ஏத்தினா பம்பர் கீழயே நிக்கும், மிச்சம் மட்டும் மேல வரும்னான். அனுப்பிட்டான்."

அதுதான் விஷயம். இங்கே வண்டியைத் தரையை ஒட்டித் தாழ்த்தி ஓட்டுவது ஒரு பெருமை; ஏன் தாழ்த்துகிறாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. ஸ்பிரிங்கை வெட்டி உடம்பை இறக்கினால் முன்சக்கரங்களின் தலை உள்பக்கம் சாய்ந்துவிடும். அந்தச் சாய்வை இரண்டு பக்கமும் சமமாக்க வேண்டும். சமமில்லை என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயரின் உள்விளிம்பும் தேயும். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு டயர் புதிதாகவே தெரியும். இத்தனை தாழ்ந்த வண்டிகளைக் கடைக்காரர்கள் தொடுவதில்லை. ஆகவே 'லோஸ் லென்டோஸ்' சங்கத்தின் வண்டிகள் எல்லாவற்றுக்கும் இருபத்திரண்டு வருடங்களாக அலைன்மெண்ட் பார்ப்பது டெல்ஃபினோ. மெதுவாகப் போகிறவர்கள் என்று சங்கத்துக்குப் பெயர். பெயரிலாவது பொய் இல்லை.

சுரங்க வேலை போன பிறகு, முழங்காலும் போன பிறகு, அவனை நாலு பேர் தேடிவருவது இந்த ஒரு வேலைக்குத்தான். நான் இதை அவனிடம் சொன்னதில்லை.

தவக்கால வெள்ளி. சிவப்பு மிளகாய்க் குழம்பில் முட்டை.

மார்ச் 19, சனி

செல்ஸோவின் மனைவி எர்மினியா மூன்று மணிக்குப் போன் செய்தாள். வடக்கே வரும்போது பள்ளத்தாக்கில் இடது முன்டயர் வெடித்துவிட்டது. வண்டி எதிர்த் தடத்தைக் கடந்து ஆற்றங்கரைத் தடுப்பில் மோதி நின்றிருக்கிறது. எதிரே அந்த நிமிடம் யாரும் வரவில்லை. செல்ஸோவுக்கு இடது மணிக்கட்டு முறிவு. வேறொன்றும் இல்லை.

மாதக்கணக்கில் வலப்பக்கம் இழுத்த வண்டி, கடைசியில் இடப்பக்கம் போயிருக்கிறது.

டெல்ஃபினோ செய்தியைக் கேட்டுவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். வெகுநேரம் தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தான்.

மார்ச் 20, ஞாயிறு

வண்டியை இழுத்துக்கொண்டுபோய் வைத்திருக்கும் முற்றத்துக்கு இருவரும் போனோம். வெடித்த டயரின் வெளிப்பக்கத்தில் கோடுகள் ஆழமாக, புதிதாக இருந்தன. டெல்ஃபினோ குனிந்து உள்பக்கம் கைவிட்டான். உள்விளிம்பில் ரப்பரே இல்லை. கம்பி நரம்புகள் வெளியே வந்திருந்தன. விரலில் ரத்தம்.

வீட்டுக்கு வந்ததும் நேராக ஷெட்டுக்குப் போனான். அரைமணி நேரம். நான் போய்ப் பார்க்கவில்லை.

மார்ச் 24, வியாழன்

சங்கக் கூட்டத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டான். "சொல்லிட்டேன்," என்றான்.

"என்னன்னு?"

"கண்ணு மங்கிருச்சு, குமிழ் சரியாத் தெரியலன்னு. இனிமே வேற ஆளப் பாத்துக்கங்கன்னு."

ஆல்புகர்க்கியில் ஒருவன் இருக்கிறானாம். தாழ்ந்த வண்டிகளுக்கென்று தனி மேடை வைத்திருக்கிறான். ஈஸ்டர் முடிந்ததும் சாமான்களோடு வந்து, பென்னி ஆர்ச்சுலேத்தாவின் பெயிண்ட் ஷெட்டில் எல்லா வண்டிகளையும் பார்ப்பதாக ஏற்பாடு. ஒருவரும் கோபப்படவில்லையாம். செல்ஸோ கட்டுப் போட்ட கையோடு எழுந்துவந்து கட்டிக்கொண்டாராம்.

"அவன் திட்டியிருக்கலாம்," என்றான் டெல்ஃபினோ.

கண். எனக்கு ஒருநாளும் அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை. பக்கத்திலேயே இருந்துகொண்டு இதைக்கூடக் கவனிக்காமல் இருந்திருக்கிறேனா? கண் டாக்டரிடம் நேரம் வாங்கினேன்.

மார்ச் 27, ஞாயிறு

டெல்ஃபினோ போனில் பென்னியிடம், பிறகு சங்கத்தின் மொந்தோயா சகோதரர்களிடம்: "ஒரே ஒரு தடவ கொண்டு வாடா. ஒரு மணி நேரம். காசெல்லாம் வேண்டாம்." அடுத்த அறையில் இருந்தேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னவன், மூன்றே நாளில் கெஞ்சுகிறான். கேட்க எரிச்சலாக இருந்தது. கதவைச் சாத்தினேன்.

மார்ச் 31, வியாழன்

ஐம்பத்து மூன்று வயதுக்கு நல்ல கண்கள் என்றார் டாக்டர். படிக்கும் கண்ணாடியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

நிம்மதி அடைந்த மனிதனின் முகம் எனக்குத் தெரியும். அவன் முகத்தில் அது இல்லை. காரில் ஏறியதும், "டாக்டருக்கு என்ன தெரியும்," என்றான்.

கண் சரி. அப்படியானால் பிசகியது வேறொன்று.

ஏப்ரல் 2, சனி

வாய்க்கால் தூர்வாரும் நாள். ஊரில் ஆண்கள் எல்லாரும் மண்வெட்டியோடு போய்விட்டார்கள். முழங்கால் இப்படி இருக்கும்போது உனக்கு எதற்கு என்றேன். மேற்பார்வைக்கு என்று சொல்லிவிட்டு டெல்ஃபினோவும் போனான். ஷெட் எனக்குக் கிடைத்தது.

முதலில் குமிழ்க் கருவி. சுவரில் வைத்துப் படித்தேன்; அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துப் படித்தேன். இரண்டும் ஒன்று. கருவியில் பொய் இல்லை.

பிறகு தளம். பரிசோதனைக் கூடத்திலிருந்து கொண்டுவந்த, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் சாயத்தண்ணீர் நிரப்பி, கொத்தனார்கள் செய்கிற மாதிரி, சக்கரங்கள் நிற்கும் இடங்களில் மட்டம் பார்த்தேன். மூன்று முறை. இடப்பக்கம் பதின்மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. பனி உருகி வெளியேறட்டும் என்று டெல்ஃபினோவே சரித்துக் கட்டியது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ அரை டிகிரி. கோணலான தரையில் நிறுத்தி நேராக்கிய வண்டி, நேரான சாலையில் கோணல்தானே?

ஆக, இருபத்திரண்டு வருடங்களாக ஊர் வண்டிகள் எல்லாவற்றையும் இந்தத் தளத்தில் வைத்து—

எனக்கு ஒரு சிறு திருப்தி உண்டானது. எழுதி வைக்கிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. மட்டம் பார்த்தாயா என்று அவனிடம் யாரும் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான். அவனிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களைத் தயார் செய்தேன். மென்மையான வாக்கியங்கள்.

ஏப்ரல் 3, ஞாயிறு

பூசையின் நடுவில் தோன்றியது. அது பொருந்தவில்லை. இருபத்திரண்டு வருடம் அரை டிகிரி என்றால், இருபத்திரண்டு வருடமாக எல்லா வண்டிகளும் வலப்பக்கம் இழுத்திருக்க வேண்டும். இழுக்கவில்லை. செல்ஸோவின் வண்டிகூடக் குளிர்காலத்தில்தான் தொடங்கியது.

வீட்டுக்கு வந்து ஷெட்டின் மரத்தூணைப் பார்த்தேன். ஒவ்வொரு வண்டிக்கும் பென்சிலில் ஒரு வரி எழுதிவைப்பது அவன் வழக்கம்: பெயர், தேதி, சாய்வு. ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'இடம் 4'. எண்பத்தொன்பதாம் வருட வரியிலும் இடம் 4. இந்த ஜனவரியில் செல்ஸோவின் வரியிலும் இடம் 4.

இடப்பக்கம் நான்கு. நான்கு என்ன?

மூலையில் தரை டைல்ஸ் அடுக்கு இருந்தது. இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டுக்கும் அடியில் வைக்க நான்கு நான்கு டைல்ஸ். அவனுக்குத் தளத்தின் சரிவு தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

அந்த அடுக்கை நவம்பரில் அங்கே வைத்தது நான்.

ஐயோ. நான்தானே.

பழைய டைல்ஸ் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை. ஓரங்கள் உடைந்து, நுரையீரலுக்கு ஆகாத பொடி உதிர்ந்துகொண்டிருந்தது. பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? அவனிடம் சொன்னால் 'இத்தன வருஷமா இருக்கு, யாரு செத்தா' என்பான். ஆகவே அவன் மான் வேட்டைக்குப் போன வாரத்தில் முகமூடி போட்டு, நனைத்து, பையில் கட்டி, முறைப்படி ஒப்படைத்தேன். துணி துவைக்கும் அறைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த சாம்பல் நிற டைல்ஸை அதே இடத்தில், அதே எண்ணிக்கையில் வைத்தேன். எட்டு எடுத்தேன், எட்டு வைத்தேன். அவை எதற்கு என்று கேட்கவில்லை. கவனமாக இருப்பதாக என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு.

ஏப்ரல் 4, திங்கள்

குப்பை ஒப்படைத்த படிவத்தின் நகல் என் கோப்பில் இருக்கிறது. என் கையெழுத்தில்: 'எண்ணிக்கை 8. தடிமன் 3.2 மி.மீ.' புதியதை வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். 1.7. நான்குக்கு ஆறு மில்லிமீட்டர் குறைவு. வண்டி வலப்பக்கம் இழுக்கவும், இடது டயரின் உள்விளிம்பு தேயவும் அது போதும்.

கருவிகளை இன்று சோதிக்கவில்லை. நாளை.

ஏப்ரல் 5, செவ்வாய்

சொன்னேன். நின்றுகொண்டே, படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

"தெரியும்," என்றான்.

"எப்பலேர்ந்து?"

"அந்த முற்றத்துல டயரப் பாத்தோமே, அன்னிக்கே. வந்து தொட்டுப் பாத்தேன். மெலிசா இருந்துச்சு."

"அப்ப கண்ணுன்னு ஏன் சொன்ன?"

"வேற என்னத்தச் சொல்ல? எம் பொண்டாட்டி ஷெட்டச் சுத்தம் பண்ணா, அதுல உன் கை ஒடிஞ்சுதுன்னா?"

"ஆமா. அதத்தான் சொல்லணும்."

"அடுக்கினது என் கை, லிண்டா. நாலு நாலுன்னு எண்ணிப் பழக்கம். எண்ணினேன். பாக்கல." மேசையில் இருந்த உப்புக் குப்பியை நகர்த்தினான். "கண்ணுன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க. வயசாச்சுன்னு விட்ருவாங்க."

"நான் உன்ன டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். எல்லாம் தெரிஞ்சும் வாய மூடிட்டு உக்காந்திருந்தியா?"

"நீ நேரம் வாங்கிட்ட. வேண்டாம்னா காரணம் கேப்ப."

அதன் பிறகுதான் மற்றதைச் சொன்னான். நவம்பருக்குப் பிறகு செல்ஸோவைத் தவிர இன்னும் ஐந்து வண்டிகள் அந்த டைல்ஸ் மேல் நின்றிருக்கின்றன. இரண்டு பேர் திரும்பக் கொண்டுவந்தார்கள். சரியான தடிமனில் இரும்புத் தகடு வெட்டி வைத்துச் சரிசெய்துவிட்டான். மூன்று பேர் வரவில்லை. பென்னி. மொந்தோயா சகோதரர்கள் இருவர்.

கெஞ்சியது அதற்காகத்தான். நான் கதவைச் சாத்தினேன்.

ஏப்ரல் 9, சனி

பென்னியோடு இன்று மறுபடி. ஸ்பீக்கரில் போடச் சொல்லி நானும் கேட்டேன்.

"கண்ண மொதல்ல பாருப்பா நீ. நான் எங்கயும் ஓடிற மாட்டேன்."

"டயரோட உள்பக்கத்தப் பாத்தியா?"

"பாத்தேன் பாத்தேன். பளபளன்னு இருக்கு."

"படுத்துப் பாத்தியா, நின்னு பாத்தியா?"

"எனக்கு இந்தத் தொப்பை இருக்கறப்ப படுத்தா எந்திரிக்க முடியுமா? ஈஸ்டருக்கு அப்புறம் ஆல்புகர்க்கிக்காரன் வர்றான்ல, அவன் பாத்துக்கட்டும். நீ ஓய்வெடு."

ஈஸ்டர் ஞாயிறன்று சங்கம் முழுவதும் பள்ளத்தாக்கு வழியாக ஊர்வலம் போகும். மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகள், எல்லாரையும் ஏற்றிக்கொண்டு. பென்னியின் வண்டி அதில் இரண்டாவது.

பார்வை போனவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவனிடம் யார் வண்டியைக் கொடுப்பார்கள்?

"நான் போய்ச் சொல்றேன்," என்றேன்.

"வேண்டாம்."

"அப்ப நீ சொல்லு."

எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டான்.

ஏப்ரல் 12, செவ்வாய்

மூன்று நாட்களாகத் தேவைக்கு மட்டும் பேச்சு. உப்பு. தபால். நாய்க்குச் சோறு.

ஏப்ரல் 14, வியாழன்

சங்கக் கூட்டத்துக்குப் பெண்கள் போவதுண்டு. பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் பீன்ஸ் கொண்டுபோனேன். வைத்தேன். திரும்பவில்லை. பெயிண்ட் வாடையில் பதினைந்து ஆண்கள் மடக்கு நாற்காலிகளில். டெல்ஃபினோ சுவரோரம் இருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. நான்கைந்து வாக்கியங்கள்தான். டைல்ஸை மாற்றியது நான். அவனிடம் சொல்லாமல் மாற்றினேன். அவன் கண்ணில் குறை இல்லை. பென்னி, மொந்தோயா வண்டிகள் மூன்றும் செல்ஸோவின் வண்டியைப் போலவே பிசகாக இருக்கின்றன, உள்விளிம்பைப் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

யாரோ நாற்காலியை இழுத்த சத்தம். பிறகு பென்னி:

"என் வண்டியும் வலப்பக்கம் போச்சு. அந்தப் பக்கம் பேக்கரி இருக்கே, அதுக்குத்தான் ஆசப்படுதுன்னு நெனச்சேன்."

சிரித்தார்கள். சிரிப்பு சரியாக முடிவதற்குள் செல்ஸோ எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"கை ஒடிஞ்சது டைல்ஸால. சரி. யாருக்கும் வரும். ஆனா நீ என் மூஞ்சியப் பாத்து கண்ணு மங்கிருச்சுன்னு சொன்ன."

"கொம்பாத்ரே—" என்றான் டெல்ஃபினோ.

"நான் உனக்காக, கண்ணக் காக்கற சாந்தா லூசியாவுக்குத் தெனமும் மெழுகுவத்தி ஏத்திட்டிருக்கேன்டா. மூணு வாரமா. பெரிய வெள்ளிக்கு உன் கண்ணுக்காகச் சிமாயோ கோயில் வரைக்கும் நடக்கறேன்னு வேண்டியிருக்கேன். கட்டுப் போட்ட கையோட. உனக்குச் சிரிப்பு வரலையா?"

"வரல."

"எனக்கும் வரல." தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு டெல்ஃபினோதான் காரை ஓட்டினான். வாசலில் காரை நிறுத்திய பிறகு, "நல்லாத்தான் பேசின," என்றான். அது பாராட்டா என்று எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 16, சனி

மூன்று வண்டிகளும் காலை ஏழு மணிக்கே வந்து வரிசையில் நின்றன. பென்னியின் இடது டயரைக் கழற்றித் தரையில் போட்டு உள்விளிம்பைக் காட்டினான் டெல்ஃபினோ. கம்பி தெரிந்தது, ஒரு சாண் நீளத்துக்கு. பென்னி அதை விரலால் தொட்டுப் பார்த்தார். "பேரனுக்கு ரெண்டு வயசு," என்று மட்டும் சொன்னார், யாரிடம் என்றில்லாமல்.

மத்தியானம் மூவருக்கும் சாப்பாடு போட்டேன். மரியாதையாக நடந்துகொண்டார்கள். கொஞ்சம் அதிக மரியாதை. ஆல்புகர்க்கிக்காரனை நிறுத்திவிடுவதாகச் சங்கம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 22, பெரிய வெள்ளி

சிமாயோ சாலையோரம் விடியற்காலையிலிருந்து ஆட்கள் நடந்து போகிறார்கள். வேலைக்கு விடுமுறை என்பதால் பாதி வழியில் காரை நிறுத்தி, நடப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். பத்து மணி வாக்கில் செல்ஸோ வந்தார். கையில் கட்டு, தலையில் ஈரத் துண்டு.

"எதுக்காக நடக்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வேண்டிட்டேனே, கொமாத்ரே. கண்ணு நல்லா இருக்குன்னா வேண்டுதல் பலிச்சிருச்சுன்னுதானே அர்த்தம்." சிரிக்காமல் சொன்னார். தண்ணீரைக் குடித்துவிட்டு நடந்தார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த வாதத்தில் பிசகு எங்கே என்று தேடிக்கொண்டே அடுத்தவருக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

ஏப்ரல் 24, ஈஸ்டர்

ஊர்வலம் போயிற்று. டயர் எதுவும் வெடிக்கவில்லை. டெல்ஃபினோ போகவில்லை. வேலியில் ஒரு கம்பம் மாற்றினான்.

ஏப்ரல் 30, சனி

பென்னி செல்ஸோவின் பிக்கப்பைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்துவிட்டாராம். முன்சக்கரம் தாங்கும் உறுப்புகளும் டயர்களும் புதியவை. இன்று இரண்டு மணிக்கு அது எங்கள் வாசலில் வந்து நின்றது. செல்ஸோ இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"கொமாத்ரே, உங்க வீட்டுக்காரருக்கு நேரம் இருக்கான்னு கேளுங்க."

வீட்டுக்காரன் என் பின்னால் இரண்டடி தூரத்தில் நின்றிருந்தான். கேட்டேன்.

"இருக்குன்னு சொல்லு," என்றான்.

சொன்னேன்.

சாய்வு பார்க்கும்போது, அந்த வண்டியை ஓட்டுகிறவரே இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருடைய எடை விழுகிற இடம் கணக்கில் வர வேண்டும். இரண்டரை மணி நேரம் செல்ஸோ ஸ்டீயரிங்குக்குப் பின்னால் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில், தரையில், டெல்ஃபினோ. நான் நடுவில்.

"ஸ்டீயரிங்க நேரா வைக்கச் சொல்லு."

"நேராத்தான் இருக்குன்னு சொல்லுங்க, கொமாத்ரே."

"பல்சக்கரத்துல ஒரு பல்லு இடப்பக்கம் இருக்குன்னு சொல்லு."

"ஒரு பல்லெல்லாம் கண்ணுக்குத் தெரியுதான்னு கேளுங்க. ரொம்ப சந்தோஷம்."

அதைத் தெரிவிக்காமல் விட்டுவிட்டேன். தரையிலிருந்து ஒரு சின்ன சத்தம் வந்தது. இருமலாகவும் இருக்கலாம்.

பிறகு டெல்ஃபினோ கருவியை என் கையில் கொடுத்தான். "நீ படி," என்றான். இதற்கு முன் அவன் அதை என்னிடம் கொடுத்ததில்லை. தளத்தை மறுபடி குழாய் வைத்துப் பார்த்தேன்; டைல்ஸுக்குப் பதில் வைத்த இரும்புத் தகடுகளை வெர்னியர் வைத்து அளந்தேன்; வலப்பக்கம் படித்தேன், இடப்பக்கம் படித்தேன், திருப்பி வைத்துப் படித்தேன். சமம். என் வேலையில் இதைவிடச் சுத்தமான அளவு வருவது அபூர்வம். எண்களைச் சத்தமாகச் சொன்னேன். இருவரும் கேட்டார்கள்.

செல்ஸோ ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். வடக்கே பாலம் வரை போய்வர கால் மணி நேரம் ஆகும். டெல்ஃபினோ கைகளைத் துடைத்துக்கொண்டே சாலையைப் பார்த்து நின்றான். துணி சுத்தமான பிறகும் துடைத்தான்.

வண்டி திரும்பி வந்தது. எஞ்சினை அணைக்காமலே செல்ஸோ கண்ணாடியை இறக்கினார். இந்த முறை என்னைப் பார்க்கவில்லை.

"இடப்பக்கம் இழுக்குது."

"இழுக்காது," என்றான் டெல்ஃபினோ.

"இழுக்குதுங்கறேன்."

"இழுக்காதுடா. அவ அளந்தா."

"நீ வந்து ஓட்டிப் பாரு. உனக்கே தெரியும்."

செல்ஸோ கட்டுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தார். டெல்ஃபினோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினான். கதவு ஒருமுறை சாத்தியதில் பூட்டிக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை பூட்டிக்கொண்டது. வடக்கே போனார்கள்.

அந்த வண்டி எந்தப் பக்கமும் இழுக்க வாய்ப்பில்லை. அளவுகளை நானே எடுத்தேன்.

அது நாலே முக்காலுக்கு. இப்போது ஏழு ஆகிறது. அடுப்பை அணைத்துவிட்டேன். இன்னும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.